சகர புத்திரர்கள் தோண்டிய பூமி

செய்வதற்கரிய செயலை விடாமுயற்சியுடன் செய்து முடிப்பதைப் ‘பகீரதப் பிரயத்தனம்’ என்று சொல்வது தமிழில் வெகுகாலமாக வழங்கிவரும் மரபு. விண்ணுலகக் கங்கையை மண்ணுலகுக்குக் கொண்டுவந்த அந்த அரசனை அறியாதவர் இல்லை. ஆனால் அவ்வளவு கடுமையான தவத்தை அவன் ஏன் மேற்கொள்ள நேர்ந்தது என்பதை நாம் அதிகமாக நினைத்துப் பார்ப்பதில்லை. தான் செய்யாத ஒரு தவறின் விளைவை நீக்குவதற்காகவே பகீரதன் தவம் செய்தான். தவறு செய்தவர்கள் அவன் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே சாம்பலாகிவிட்டிருந்தார்கள்.

வால்மீகி ராமாயணத்தின் பால காண்டத்தில் விசுவாமித்திர முனிவர் இவ்வரலாற்றை ராம லட்சுமணர்களுக்கு எடுத்துரைக்கிறார். அயோத்தியை ஆண்ட சகர மன்னன் அசுவமேத யாகம் தொடங்கினான். யாகக் குதிரையை இந்திரன் கவர்ந்து சென்று மறைத்துவிட்டான். அதைத் தேடிக் கொணரும்படி சகரன் தன் 60,000 புதல்வர்களுக்கு ஆணையிட்டான். நிலத்தின் மேல் எங்கும் குதிரை தென்படவில்லை. ஆகவே அவர்கள் ஆளுக்கு ஒரு யோஜனை என்று பங்கிட்டுக்கொண்டு பூமியைத் தோண்டினார்கள். அவர்களது கலப்பைகளும் சூலங்களும் பிளந்த இடமெல்லாம் மண்ணுக்குள் வாழ்ந்த எண்ணற்ற உயிர்கள் மடிந்தன. அவற்றின் ஓலத்தைப் பொறுக்க இயலாமல் தேவர்களும் நாகர்களும் பிரம்மதேவரிடம் சென்று முறையிட்டார்கள். தோண்டியவர்களோ நிற்கவில்லை. இறுதியில் கபில முனிவரின் அருகே மேய்ந்துகொண்டிருந்த குதிரையைக் கண்டதும், அவரையே திருடன் என்று குற்றம் சாட்டிப் பாய்ந்தார்கள். முனிவரின் ஒரு ஹுங்காரத்தில் அத்தனை பேரும் சாம்பல் குவியலானார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சகர புத்திரர்கள் தங்கள் கண்ணோட்டத்தில் தீயவர்கள் அல்லர். தந்தை சொல்லைத் தட்டாதவர்கள். அவர்கள் தேடியது யாகத்துக்குரிய குதிரை. காட்டிய ஊக்கமும் உழைப்பும் பாராட்டுக்குரியவை. தாங்கள் தோண்டுவது எதன் மீது நிற்கிறது, யாருடைய இருப்பிடம் அது என்று நின்று பார்க்கும் பொறுமை மட்டுமே அவர்களிடம் இல்லை. மேலே முறையீடு சென்றுகொண்டிருந்தபோதும் அது அவர்கள் காதில் விழவில்லை.

இரண்டாம் முறை தோண்டியது

சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் சதுப்பு நிலங்களில் பெருங்காடுகள் செழித்திருந்தன. அவை காற்றிலிருந்த கரியமில வாயுவை உள்வாங்கி, சூரிய ஒளியின் துணையால் தங்கள் உடலாக ஆக்கிக்கொண்டன. மடிந்த மரங்கள் சேற்றில் புதைந்து, அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் நிலக்கரி ஆயின. கடலின் நுண்ணுயிர்கள் இதுபோன்றே எண்ணெயாகவும் எரிவாயுவாகவும் மாறின. இயற்கை கோடிக்கணக்கான ஆண்டுகளில் காற்றிலிருந்து எடுத்து மண்ணுக்கடியில் வைத்துப் பூட்டிய கருவூலம் இது. 18ஆம் நூற்றாண்டில் நீராவி இயந்திரம் வந்த பிறகு மனிதன் அந்தக் கருவூலத்தைத் தோண்டி எடுத்து எரிக்கத் தொடங்கினான். ஆலைகளும் ரயில்களும் மின்விளக்குகளும் மருத்துவமனைகளும் அதனால் வந்தன. வறுமையும் கொள்ளை நோயும் குறைந்ததில் அதற்குப் பங்கு உண்டு. அதை மறுப்பது நன்றி மறப்பதாகும். ஆனால் சாம்பல் மட்டும் கீழே தங்க, எரிந்தது முழுவதும் காற்றில் கலந்தது.

காற்றின் பெரும்பகுதி நைட்ரஜனும் ஆக்சிஜனுமே. இவை இரண்டும் பூமியிலிருந்து மேலெழும் வெப்பக் கதிர்களைத் தடுப்பதில்லை. மிகச் சிறிய அளவில் உள்ள நீராவி, கரியமில வாயு, மீத்தேன் முதலியவை அவற்றை உறிஞ்சி, ஒரு பகுதியை மீண்டும் கீழ்நோக்கி அனுப்புகின்றன. இது தீமை அன்று. இந்தப் போர்வை இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை சுமார் மைனஸ் 18 டிகிரி செல்சியஸாக இருக்கும். போர்வை இருப்பதால் அது ஏறத்தாழ 15 டிகிரி. நீர் நீராக இருப்பதும் உயிர்கள் வாழ்வதும் இதன் அருளே. போர்வை தடித்துக்கொண்டே போவதுதான் இன்றைய துன்பத்தின் மூலம்.

இது நேற்று முளைத்த கருத்தும் அன்று. 1859இல் ஜான் டிண்டால் இவ்வாயுக்கள் வெப்பத்தை உறிஞ்சுவதைச் சோதனைச்சாலையில் அளந்து காட்டினார். 1896இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஸ்வாந்தே அர்ரீனியஸ், காற்றில் கரியமில வாயு இரு மடங்கானால் பூமி எவ்வளவு சூடேறும் என்று கையாலேயே கணக்கிட்டார். குளிர்நாட்டவராதலால் அந்தச் சூடு நன்மையே தரும் என்று அவர் எண்ணினார்! 1958 முதல் ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் இவ்வாயுவை இடைவிடாது அளக்கத் தொடங்கினார். இயந்திர யுகத்துக்கு முன் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்காக இருந்தது, கீலிங் தொடங்கியபோது 315 ஆகியிருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. தென் துருவப் பனியில் சிறைப்பட்ட பழங்காலக் காற்றுக் குமிழ்களை ஆராய்ந்தால், கடந்த 8 லட்சம் ஆண்டுகளில் இந்த அளவு ஒருபோதும் இருந்ததில்லை என்று தெரிகிறது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிடும்போது 2011-2020 பத்தாண்டில் பூமி சுமார் 1.1 டிகிரி சூடேறியிருந்தது. 2024ஆம் ஆண்டை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் உயர்வு ஒன்றரை டிகிரியைக் கடந்தது. ‘ஒன்றரை டிகிரி ஒரு பொருட்டா, காலைக்கும் மாலைக்கும் இடையே பத்து டிகிரி மாறுகிறதே’ என்று கேட்பவர்கள் உண்டு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், வட ஐரோப்பாவும் கனடாவும் கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனிக்கட்டியின் கீழ் புதைந்திருந்தன. அன்றைய உலகச் சராசரிக்கும் இயந்திர யுகத்துக்கு முந்தைய சராசரிக்கும் இருந்த வேறுபாடு ஐந்து முதல் ஏழு டிகிரி மட்டுமே. அந்த மாற்றம் பல ஆயிரம் ஆண்டுகளில் மெல்ல நிகழ்ந்தது. இன்றைய மாற்றமோ நான்கைந்து தலைமுறைகளில் நிகழ்கிறது.

ஜடாமுடியின் பனி

கங்கையின் வேகத்தைப் பூமி தாங்காது என்பதால் சிவபெருமான் அவளைத் தம் ஜடையில் ஏற்று, சிறிது சிறிதாக வெளிவிட்டார் என்கிறது புராணம். இமயத்தின் பனி செய்வதும் அதுவே. குளிர்காலத்தில் விழும் பனியைத் தாங்கி வைத்து, கோடையில் சிறுகச் சிறுக உருக்கி ஆற்றில் விடுகிறது. பாகீரதி பிறக்கும் கங்கோத்ரி பனிப்பாறை சுமார் 30 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் முகப்பாகிய கோமுகம் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1935 முதல் அளந்து வருகிறார்கள். ஆண்டுக்குச் சராசரி 20 மீட்டர் அளவில், இதுவரை ஒரு கிலோமீட்டருக்கு மேல் அது பின்வாங்கிவிட்டது. முதுமையில் கோமுகம் செல்லும் யாத்திரிகர், தாம் இளமையில் நீராடிய இடத்தில் இன்று பாறைக் குவியலையே காண்பார்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. 2007இல் வெளிவந்த சர்வதேச அறிக்கை ஒன்றில், 2035க்குள் இமயப் பனிப்பாறைகள் மறைந்துவிடக்கூடும் என்று ஒரு வரி இடம்பெற்றது. அதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று கண்டறியப்பட்டு, 2010இல் அந்த வரி திரும்பப் பெறப்பட்டது. இன்றும் மேடைகளில் சிலர் அதைச் சொல்லிவருகிறார்கள். கங்கை அடியோடு வற்றிவிடும் என்பதும் மிகைக் கூற்றே. சமவெளியில் ஓடும் கங்கையின் பெரும்பகுதி பருவமழையும் நிலத்தடி நீரும் தருவது. பனி நீரின் பங்கு மலைப்பகுதியிலும் கோடை மாதங்களிலும்தான் பெரிது. நல்ல காரியத்துக்காகவேனும் சத்தியத்தை மிகைப்படுத்துவது சாதகனுக்கு அழகன்று; மிகை வெளிப்படும்போது உண்மையும் சேர்ந்து நம்பிக்கை இழக்கிறது. காத்மாண்டுவில் இயங்கும் மலைப்பகுதி மேம்பாட்டு மையம் 2019இல் வெளியிட்ட மதிப்பீடே போதுமான அளவு கவலை தருவது: வெப்ப உயர்வை ஒன்றரை டிகிரிக்குள் நிறுத்தினாலும் இந்துகுஷ் இமயப் பனியில் மூன்றில் ஒரு பங்கு இந்நூற்றாண்டுக்குள் மறையும்; எதுவும் செய்யாவிட்டால் மூன்றில் இரு பங்கு மறையும்.

பனி பின்வாங்கும்போது விட்டுச்செல்லும் பள்ளங்களில் ஏரிகள் உருவாகின்றன. 2013 ஜூன் 16, 17 தேதிகளில் பெருமழையோடு சோராபாரி ஏரியும் உடைந்து கேதார்நாத்தை மூழ்கடித்தது. உத்தராகண்டில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். அவர்களில் பாரதத்தின் பல மூலைகளிலிருந்து சென்ற யாத்திரிகர்கள் ஏராளம். அந்தத் துயரம் முழுவதையும் புவி வெப்பத்தின் மீது சுமத்திவிட முடியாது. ஆற்றின் படுகையிலேயே விடுதிகள் கட்டியவர்களுக்கும், மலையைப் பிளந்து சாலை அமைத்தவர்களுக்கும், ஒரே நாளில் நான்கு தலங்களையும் ‘பார்த்துவிட’ விரும்பும் அவசரத்துக்கும் அதில் பங்கு உண்டு.

ரைணி என்ற சிற்றூரின் கதை இன்னும் நெருடலானது. 1974 மார்ச் 26 அன்று, ஆண்கள் வெளியே சென்றிருந்த வேளையில் மரம் வெட்ட ஆட்கள் வந்தபோது, கௌரா தேவி என்ற படிப்பறிவற்ற பெண்மணி ஊர்ப் பெண்களைத் திரட்டிச் சென்று மரங்களைக் காத்து நின்றார். சிப்கோ இயக்கத்தின் புகழ்பெற்ற நிகழ்ச்சி அது. அதே ரைணியின் அருகே, 2021 பிப்ரவரி 7 அன்று, ரோண்டி சிகரத்திலிருந்து பெரும் பாறையும் பனிக்கட்டியும் சரிந்து விழுந்தன. ரிஷிகங்கா ஆற்றில் பாய்ந்த சேற்று வெள்ளம் அங்கிருந்த மின்நிலையத்தை அடித்துச் சென்றது. 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். மரத்தைக் கட்டியணைத்துக் காத்த ஊருக்கு நேர்ந்தது இது.

சாகரத்தின் கரை

பகீரதன் கங்கையை அழைத்துச் சென்றது கபிலரின் ஆசிரமத்துக்கு. அந்த இடம் வங்காளத்தில் கங்கை கடலோடு கலக்கும் சாகர் தீவு என்பது நம்பிக்கை. சகர புத்திரர்கள் தோண்டிய பள்ளத்தில் நீர் நிரம்பியதால்தான் கடலுக்குச் ‘சாகரம்’ என்ற பெயர் வந்தது என்றும் மரபு உண்டு. மகர சங்கராந்தி அன்று லட்சக்கணக்கான மக்கள் அங்கே நீராடிக் கபிலரை வணங்குகிறார்கள். அவர்கள் வணங்கும் ஆலயம் 1970களில் கட்டப்பட்டது. அதற்கு முந்தைய ஆலயங்களைக் கடல் கொண்டுவிட்டது.

1901க்கும் 2018க்கும் இடையே உலகக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. சூடேறிய நீர் விரிவடைவது ஒரு காரணம். நிலத்திலுள்ள பனி உருகிக் கடலில் சேர்வது மற்றொன்று. சுந்தரவனத்தில் மூன்றாவது காரணமும் சேர்கிறது. டெல்டா நிலம் இயல்பாகவே மெல்லத் தாழ்ந்துகொண்டிருக்கும். ஆறு கொண்டுவரும் வண்டல் அதை ஈடுசெய்யும். மேலே அணைகளிலும் தடுப்புகளிலும் வண்டல் தங்கிவிடுவதால் அந்த ஈடு குறைந்துவிட்டது. சாகரின் அண்டைத் தீவாகிய லோஹாசராவில் குடும்பங்கள் வாழ்ந்தன. அது நீரில் மூழ்கியது. கோராமாரா தீவு தன் பரப்பில் பாதிக்கும் மேல் இழந்துவிட்டது. வீடிழந்தவர்கள் சாகருக்குக் குடிபெயர்ந்தார்கள்; சாகரின் கரையும் இப்போது அரிக்கப்பட்டு வருகிறது.

2009 மே 25 அன்று வீசிய அய்லா புயலில் மண் கரைகள் உடைந்து, உப்பு நீர் வயல்களிலும் குளங்களிலும் புகுந்து தேங்கியது. அதன் பின் சில ஆண்டுகள் பல வயல்களில் நெல் விளையவில்லை. அதிக விளைச்சல் தரும் புது விதைகள் உப்பில் கருகின. நோனா போக்ரா, மாட்லா போன்ற உப்பைத் தாங்கும் பழைய நெல் வகைகளைக் கைவிட்டிருந்த உழவர்கள், மீண்டும் அவற்றைத் தேடி அலைந்தார்கள். ஆண்கள் கூட்டங்கூட்டமாகக் கேரளத்துக்கும் தமிழகத்துக்கும் பிற மாநிலங்களுக்கும் கட்டட வேலைக்குச் சென்றார்கள். நம் ஊர்களில் சாரம் கட்டி நிற்கும் வங்காள இளைஞர்களில் சிலர் அவ்வாறு நிலமிழந்து வந்தவர்கள். 2020 மே 20 அன்று ஆம்பன் புயலில் அதே மக்கள் மீண்டும் பாதிக்கப்பட்டார்கள்.

இது யாருடைய கர்மம்?

இங்கே வேதாந்த மாணவன் தப்பிக்க இயலாத ஒரு கேள்வி எழுகிறது. கர்மக் கோட்பாட்டை ஏற்காவிட்டால் இரண்டு குற்றங்கள் நேரும் என்று நம் தத்துவ நூல்கள் வாதிடுகின்றன. செய்த செயல் பலன் தராமல் அழிந்துபோவது ஒன்று, அது கிருதநாசம். செய்யாத செயலின் பலன் வந்து சேர்வது மற்றொன்று, அது அகிருதாப்யாகமம். நீதியுள்ள உலகில் இவ்விரண்டும் இருக்க முடியாது. ஆனால் கோராமாராவைப் பாருங்கள். ஒரு நூற்றாண்டுக்கு முன் நிலக்கரி எரித்துச் செல்வம் சேர்த்தவர் நிம்மதியாக இறந்துவிட்டார். வாழ்நாளில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கன்றி வேறெதையும் எரித்திராத மீனவப் பெண்ணின் குடிசையைக் கடல் கொண்டுபோகிறது. இரு குற்றங்களும் ஒருங்கே நம் கண்முன் நிகழ்வதுபோல் தோன்றவில்லையா?

‘அவர்களது பிராரப்தம் அப்படி’ என்று சொல்லி இக்கேள்வியைக் கடந்துவிடுவது எளிது. பக்தர்கள் நடுவே இந்தப் பதிலைக் கேட்காத சத்சங்கம் குறைவு. இதற்கு சுவாமி விவேகானந்தர் 1897இலேயே விடை தந்துவிட்டார். மேலைநாடுகளிலிருந்து திரும்பி அவர் கல்கத்தாவில் தங்கியிருந்தபோது, பசு பாதுகாப்புச் சபையைச் சேர்ந்த ஒருவர் நிதி வேண்டி வந்தார். மத்திய இந்தியாவில் கொடும் பஞ்சம் நிலவிய காலம் அது. பஞ்சத்தில் வாடுவோருக்கு உங்கள் சபை என்ன செய்தது என்று சுவாமிஜி வினவினார். அது மக்கள் தங்கள் பாவத்தால் தேடிக்கொண்டது என்று வந்தவர் பதிலளித்தார். சுவாமிஜி கனலாக மாறினார். அப்படியானால் பசுக்களும் தங்கள் கர்மத்தாலேயே கசாப்புக்காரரிடம் சென்று சேர்கின்றன, அவற்றுக்காக நாம் ஏன் பாடுபட வேண்டும் என்ற பொருள்பட அவர் கேட்டதும், வந்தவர் வாயடைத்துப் போனார். கர்மம் என்ற சொல்லைப் பிறர் துன்பத்தின் முன் கேடயமாகப் பிடித்தால் எல்லா அறச்செயலும் பொருளற்றுப் போகும் என்பதே அவரது வாதம்.

பிராரப்தம் என்ற விளக்கம் தன் துன்பத்தைத் தாங்கிக்கொள்ள ஒருவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளத் தக்கது. பிறர் துன்பத்தைக் காணும்போது நமக்குரியது அந்த விளக்கம் அன்று, நமது கடமை. அந்த மீனவப் பெண்ணின் முற்பிறவி நமக்குத் தெரியாது. அவளது குடிசையை அரிக்கும் கடலில் நம் குளிர்சாதனப் பெட்டிக்கும் வாகனத்துக்கும் உள்ள பங்கு தெரியும். தெரியாததை வைத்துக்கொண்டு தெரிந்ததை மறுப்பது தத்துவம் ஆகாது.

கர்மக் கோட்பாட்டின் மூவகைப் பிரிவு வேறொரு வகையில் இங்கே பயன்படுகிறது. காற்றில் சேரும் கரியமில வாயுவின் ஒரு பகுதியைக் கடலும் காடுகளும் உறிஞ்சிக்கொள்கின்றன. எஞ்சியது நூற்றாண்டுக் கணக்கில் தங்குகிறது. ஜேம்ஸ் வாட் காலத்து இயந்திரங்கள் எரித்த நிலக்கரியின் ஒரு பகுதி இன்றும் நம்மைச் சூழ்ந்துள்ளது. இது மனித குலத்தின் சஞ்சிதம். அனுபவிக்கத் தொடங்கிவிட்ட வெப்பமும் புயலும் பிராரப்தம். வில்லிலிருந்து விடுபட்ட அம்பு போல அது இலக்கைச் சேர்ந்தே தீரும். கடல்மட்டம் இன்னும் சில நூற்றாண்டுகள் உயர்ந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் உலகம் முழுவதும் கரியமில வாயு வெளியேற்றத்தை நிறுத்தும் நாளில், வெப்பநிலை மேலும் உயர்வதும் ஏறத்தாழ நின்றுவிடும் என்று இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன. குறையாது, ஆயினும் ஏறாது. ஆகாமியம் நம் கையில்தான் இருக்கிறது. ‘எல்லாம் கைமீறிவிட்டது, இனி என்ன செய்து என்ன’ என்ற சோர்வு அறிவியலுக்கும் பொருந்தாது, வேதாந்தத்துக்கும் பொருந்தாது.

பொறுப்பு எல்லோருக்கும் சமம் என்று சொல்வதும் நேர்மையாகாது. ஓர் இந்தியர் ஆண்டுக்குச் சராசரியாக வெளியிடும் கரியமில வாயு சுமார் 2 டன். ஓர் அமெரிக்கர் வெளியிடுவது ஏறத்தாழ 14 டன். 1992இல் ரியோ நகரில் உருவான உடன்படிக்கை, பொறுப்பு பொதுவானது, ஆனால் வேறுபட்டது என்று ஏற்றுக்கொண்டது நியாயமே. ஆனால் நம் நாட்டுக்குள் அந்த 2 டன் என்ற சராசரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வோரும் உண்டு. ஆண்டுக்கு நான்கு முறை விமானத்தில் பறப்பவரையும் கோராமாராக்காரரையும் கூட்டி வகுத்தால் வருவதே அந்தச் சராசரி.

சக்கரமும் திருடனும்

கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் பகவான் வேள்விச் சக்கரத்தைப் பற்றிப் பேசுகிறார். உயிர்கள் உணவாலும், உணவு மழையாலும், மழை வேள்வியாலும் நிலைபெறுகின்றன. பெற்றதைத் திருப்பித் தராமல் நுகர்பவனுக்கு அங்கே வழங்கப்படும் பெயர் திருடன். இதை ஹோமப் புகையால் மழை வரும் என்ற அளவில் சுருக்கிப் பொருள் கொள்வோர் உள்ளனர். அவர்களோடு வாதிட வேண்டியதில்லை. அப்பகுதியின் விரிந்த பொருள், எடுப்பதும் கொடுப்பதும் சேர்ந்ததே வாழ்க்கை என்பது. இலை காற்றிலிருந்து கரியை எடுக்கிறது, விலங்கு மூச்சாகத் திருப்பித் தருகிறது. கடல் ஆவியாகிறது, ஆறு திரும்பி வருகிறது. நிலக்கரியை எடுத்தபோது மனிதன் இந்தச் சக்கரத்துக்கு வெளியே சென்று சேமிப்பில் கை வைத்தான். கபிலரைத் திருடன் என்று அழைத்தவர்கள் சகர புத்திரர்கள். சொல் யாருக்குப் பொருந்தியது என்பதைச் சாம்பல் சொன்னது.

இல்லறத்தாருக்கு விதிக்கப்பட்ட ஐந்து மகா யக்ஞங்களில் பூத யக்ஞமும் ஒன்று. காக்கைக்கு ஒரு பிடி சோறு வைப்பதோடு அது இன்று முடிந்துவிடுவதில்லை. சோற்றை வீணாக்காமல் இருப்பதும் அதில் சேரும். 2022இல் உலகில் நுகர்வோருக்குக் கிடைத்த உணவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குப்பைக்குச் சென்றதாக ஐ.நா.வின் சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டுள்ளது. குப்பை மேட்டில் காற்றின்றி அழுகும் உணவு மீத்தேனை வெளியிடுகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் சுமார் 80 மடங்கு வெப்பத்தைத் தேக்க வல்லது. அன்னதானப் பந்தியில் கேளாமலே குவித்துப் பரிமாறி, இலையோடு வாரிக் கொட்டுவதைப் புண்ணியக் கணக்கில் எழுத முடியுமா என்பதை விழா நடத்துவோர் சிந்திக்கலாம். 2002இல் திருமலையில் சூரிய வெப்பத்தால் நீராவி உண்டாக்கி ஆயிரக்கணக்கானோருக்குச் சமைக்கும் அடுக்களை அமைக்கப்பட்டது. பின்னர் ஷிர்டியிலும் அவ்வாறு செய்தார்கள். கேதார்நாத்துக்கு நடந்தும் டோலியிலும் சென்ற காலம் போய், உடல் வலிமை உள்ளவர்களும் ஹெலிகாப்டரில் ஏறி ஒரு மணி நேரத்தில் தரிசனம் முடித்துத் திரும்புவது எவ்வகைத் தீர்த்தாடனம் என்பதும் சிந்தனைக்குரியதே. முதியோரையும் நோயாளிகளையும் பற்றி இங்கே பேச்சில்லை.

மாமல்லபுரத்தின் பெரும்பாறையில் பல்லவச் சிற்பிகள் 7ஆம் நூற்றாண்டில் செதுக்கிய காட்சியை அர்ச்சுனன் தவம் என்பாரும் உண்டு, பகீரதன் தவம் என்பாரும் உண்டு. பாறையின் நடுப் பிளவில் நாகர்கள் எழ, இருபுறமும் யானைகளும் மான்களும் முனிவர்களும் திரண்டு நிற்கிறார்கள். கீழே ஓர் ஓரத்தில் ஒரு பூனை, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் உயர்த்தித் தவக்கோலத்தில் நிற்கிறது. அதைச் சுற்றி எலிகள். ஒரு மரக்கன்றை நட்டு இருபது பேர் படம் எடுத்துக்கொண்டு, மறு வாரம் அதற்கு நீரூற்ற ஒருவரும் இல்லாத விழாக்களை அந்தச் சிற்பி அறிந்திருக்க நியாயமில்லை; ஆயினும் பூனையை அவன் அறிந்திருந்தான்.

திலீபனின் கவலை

சகரனுக்கும் பகீரதனுக்கும் இடையே இருவர் இருந்தார்கள். பேரன் அம்சுமான் சாம்பலைக் கண்டான். சாதாரண நீர் பயன்படாது, கங்கைதான் வேண்டும் என்பதைக் கருடனிடமிருந்து அறிந்துகொண்டான். பின்னாளில் இமயத்தில் தவமிருந்தான். பலன் காணாமல் மறைந்தான். அவன் மகன் திலீபன் எப்படிக் கங்கையைக் கொண்டுவருவது, எப்படி முன்னோரைக் கரையேற்றுவது என்று வாழ்நாள் முழுதும் கவலைப்பட்டான். வால்மீகியின் கூற்றுப்படி வழி காணாமலே நோயுற்று இறந்தான். பாகவதமோ அவனும் தவம் செய்தான் என்கிறது. இன்றைய படித்த நடுத்தர வகுப்பினர் பெரும்பாலும் வால்மீகியின் திலீபனைப் போன்றவர்கள்: செய்தி படிக்கிறார்கள், உண்மையாகவே வருந்துகிறார்கள். அம்சுமானுக்கும் வெற்றி கிட்டவில்லை. ஆயினும் எந்த நீர் வேண்டும் என்ற அறிவை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துச் சென்றவன் அவனே. டிண்டாலும் கீலிங்கும் செய்தது அந்தப் பணி. கௌரா தேவி செய்தது தவம்.

அய்லாவுக்குப் பின் சுந்தரவனத்தின் பல ஊர்களில் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து, மண் கரைகளுக்கு வெளியே அலையாத்தி மரங்களை நட்டு வருகிறார்கள். அம்மரங்களில் சிலவற்றின் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைவிடும். முளைத்த கன்று நீண்டு வளர்ந்து, சேற்றில் விழுந்ததும் வேரூன்றும். வேர்கள் வண்டலைப் பிடித்து நிறுத்துகின்றன, அலையின் வேகத்தைத் தணிக்கின்றன, சேற்றுக்குள் கரியைச் சேர்த்து வைக்கின்றன. நீர் வடிந்த நேரத்தில் முழங்கால் அளவு சேற்றில் இறங்கி, அடுத்த ஏற்றம் வருவதற்குள் நட்டு முடிக்க வேண்டும். நட்டவற்றில் பல முதல் மழைக்காலத்திலேயே அடித்துச் செல்லப்படுகின்றன. சிலவற்றை ஆடுகள் மேய்ந்துவிடுகின்றன. அந்த இடைவெளிகளில் மறு ஆண்டு மீண்டும் நடுகிறார்கள்.